லயனும் முற்றமும்: ஊவாத் தோட்டக் குடியிருப்பு வரலாறு பற்றிய ஒரு நோக்கு

பல குடும்பங்கள் ஒரே கட்டடத்தில் வாழ்தலும் முற்றத்தையும் தோட்டத்தையும் பொதுவிற் கொள்ளலும் இன்று கட்டடக் கலைஞரால் உயர்ந்த இலட்சியமாக முன்வைக்கப்படுகின்றன. பதுளை, மொனராகலை மாவட்டங்களின் தோட்டத் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இவ்வாறுதான் வாழ்ந்துவந்துள்ளனர். ஆயினும் அது அவர்களுக்கு விடுதலையாக அமையவில்லை. ஏன் என்பதை நோக்குவோம்.

கோப்பிக் காலத்திலே தோன்றிய லயன், இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை வேரூன்றியபோது நிலைபெற்றது. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பிரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயன்களிற் பின்கதவும் இல்லை. பீலியும் முற்றமும் பொது. இப்பொதுமை தொழிலாளர் தேர்ந்ததன்று. சுவரை மிச்சப்படுத்தவும், நிலத்தைத் தேயிலைக்கே ஒதுக்கவும், விடியலில் அனைவரையும் பெரட்டுக்களத்துக்கு அழைக்கவும் மூலதனம் கண்ட வழி அது. வேலை போனாற் காம்பிராவும் போயிற்று.

எனினும் திணிக்கப்பட்ட அவ்வெளியை மக்கள் தமதாக்கிக்கொண்டனர். காமன்கூத்து ஆடப்பட்டதும், மரணவீட்டுக்கு அயலார் கூடியதும், தொழிற்சங்கப் பேச்சு வளர்ந்ததும் லயன்களைச் சூழ்ந்த பொதுவெளிகளிலேயே. லயனோரத்து மரக்கறிப் பாத்தி அரைகுறைக் கூலிக்குத் துணைநின்றது. ஆனால் பாத்தியிட்டவருக்கு அம்மண்ணில் உரிமை இருக்கவில்லை.

இவ்விடத்து வியன்னா நகரின் கார்ல் மார்க்ஸ் ஹோவ் மனங்கொள்ளத்தக்கது. 1930இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீற்றருக்கு மேல் நீளும் அக்கட்டடத்தில் 1382 வீடுகளும், சலவைக்கூடங்களும், குழந்தைப் பள்ளிகளும், விரிந்த முற்றத் தோட்டங்களும் அமைந்தன. சமூக ஜனநாயக நகராட்சி, வசதிபடைத்தோர்மீது கூடுதலாகச் சுமத்திய வீட்டுவரியின் துணையோடு அதனை எழுப்பியது. அதுவும் நீண்ட வரிசையே. லயனும் நீண்ட வரிசையே. வேறுபாடு வடிவத்தில் அன்று, உடைமையில் உள்ளது.

1948இன் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. 1992இல் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. இம்மாற்றங்கள் எவற்றினாலும் லயன் நிலம் அதில் வாழ்ந்தோருக்கு உரியதாகவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களைப் புதைத்தது. ஆபத்து முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆனால் சொந்த நிலமற்றோர் தாமாகவே எங்கு பெயர்வது?

2015இன் பின்னர் ஏழு பேர்ச்சஸ் காணியுடன் தனிவீடு என்னும் கொள்கை முன்வந்தது. அதனைக் கூட்டுவாழ்வின் சிதைவெனக் கருதுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. கதவைத் தாழிடும் உரிமை உள்ளவரே அதை மனமுவந்து திறந்துவைக்க முடியும். எனவே உறுதிப்பத்திரம் முதலில். அதன்பின், வாழ்வோரே வகுக்கும் பொதுமுற்றம். இவ்வரிசையை மாற்றி வரையப்படும் எத்திட்டமும், எத்துணை அழகியதாயினும், புதியதொரு லயனாகவே முடியும்.