இரண்டு கோழி போதும்



பிரான்சில் கொல்மார் ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் என் மகள் சென்ற வசந்தத்தில் தொலைபேசியில் கூப்பிட்டாள். "அப்பா, எங்க ஊர்ல வீட்டுக்கு ரெண்டு கோழி குடுக்கறாங்க. நாங்களும் எழுதிக் குடுத்திருக்கோம்" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். விசாரித்தால் விஷயம் உண்மைதான். கொல்மாரும் சுற்றியுள்ள கொம்யூன்களும் சேர்ந்து 2015 முதல் இதைச் செய்து வருகின்றன. சில ஆண்டுகளுக்குள் 5,000க்கும் அதிகமான கோழிகளைக் கொடுத்துவிட்டார்கள். வாங்குகிறவர் குறைந்தது இரண்டு வருடம் வளர்ப்பேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். இதற்கும் முன்னால், 2012இலேயே பென்சே என்ற சின்ன ஊர் வீட்டுக்கு இரண்டு கோழி கொடுத்திருக்கிறது. காரணம் முட்டையல்ல, குப்பை. ஒரு கோழி வருஷத்துக்கு 150 கிலோ வரை சமையலறை மிச்சத்தைத் தின்று தீர்க்கும் என்று கணக்குச் சொல்கிறார்கள். அத்தனை குப்பையை லாரி வைத்து அள்ளுவதைவிட இரண்டு கோழி கொடுப்பது நகராட்சிக்கு மலிவு.

நான் குடிமைப்பொருள் வழங்கல் துறையில் கிளார்க்காக இருந்தவன். முப்பது வருடத்துக்கு மேல் ரேஷன் கார்டு எழுதிய கை இது. ஒரு அரசாங்கம் "வீட்டில் கோழி வளருங்கள்" என்று சொன்னால், எதன் தட்டுப்பாட்டை மறைக்கப் பார்க்கிறார்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும்.

வரலாறும் அப்படித்தான் இருக்கிறது. முதல் உலகப்போரில் அமெரிக்க வேளாண் துறை ஒட்டிய சுவரொட்டி ஒன்று பெயர் பெற்றது. கோழி வளர்ப்பது நாட்டுக்குச் செய்யும் கடமை என்று அதில் அங்கிள் சாம் சொல்வார். வீட்டில் இருக்கும் ஆளுக்கு இரண்டு கோழி என்பது அதன் கணக்கு. அங்கேயும் இரண்டுதான், பாருங்கள்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் செய்த ஏற்பாடு என்னைப் போன்ற ரேஷன் கிளார்க்குக்கு ரசிக்கத்தக்கது. 1941இல் முட்டை பங்கீட்டுக்குள் வந்தது. கிடைத்தால் ஆளுக்கு வாரம் ஒன்று. 'கிடைத்தால்' என்பது முக்கியம். கோழித் தீவனத்துக்கான தானியம் கப்பலில் வரவேண்டும், கடலில் ஜெர்மன் நீர்மூழ்கிகள். ஆகவே பெரிய பண்ணைகளுக்குத் தீவனத்தைக் குறைத்தார்கள். கொல்லையில் கோழி வளர்க்கிறவரிடம் மட்டும், "உங்கள் முட்டைப் பங்கை எங்களிடம் விட்டுவிடுங்கள், பதிலுக்குக் கொஞ்சம் மாவுத்தீவனம் தருகிறோம்" என்றார்கள். அந்த மாவை உருளைக்கிழங்குத் தோலோடும் மற்ற மிச்சத்தோடும் வேகவைத்துப் பிசைந்து போட வேண்டும். அரசாங்கத்துக்கு முட்டை மிச்சம், வீட்டுக்காரருக்கு வாரம் ஒன்றுக்குப் பதிலாகப் பல முட்டை. முட்டைப் பங்கீடு நீங்கியது 1953இல்தான். போர் முடிந்து எட்டு வருடம்!

பிரான்சின் கதையை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, வகுப்பில் கேட்டேன். புதுச்சேரியில் எங்கள் பள்ளியில் கணக்கும் வரலாறும் பிரெஞ்சில்தான். ராஜராஜனைத் தெரிந்துகொள்ளும் முன்பே நான்காம் ஆன்ரி மன்னரைத் தெரியும். ஞாயிறுதோறும் ஒவ்வொரு குடியானவன் பானையிலும் கோழி வேகவேண்டும் என்று ஆசைப்பட்ட ராஜா என்று மனப்பாடம் செய்தோம். (அவர் 1610இல் கொலையுண்டு அரை நூற்றாண்டு கழித்து பெரெஃபிக்ஸ் என்ற ஆயர் எழுதிய நூலில்தான் அந்தப் பேச்சே வருகிறது என்பது பின்னால் தெரிந்தது. அதை வகுப்பில் யாரும் சொல்லவில்லை.)

இந்த இடத்தில் என் அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு வயதில் அப்பா காலமானார். தாத்தா வீட்டில், அப்பாவின் அண்ணன் தம்பிகளோடு இருந்தோம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஆனால் ஒரு நோட்டுப் புத்தகம் என்றாலும் பெரியப்பாவிடம் போய் நிற்க வேண்டும். அவர் நல்லவர்தான், கொடுப்பார். கொடுப்பதற்கு முன் எதற்கு என்று கேட்பார், அவ்வளவுதான். ஒருநாள் வில்லியனூரிலிருந்து மாமா வந்தபோது இரண்டு பெட்டைக்கோழிகளைக் காலைக் கட்டிக் கொண்டுவந்து விட்டுப் போனார். அம்மா கிணற்றடியில் பஞ்சாரம் வைத்தாள். குருணையும் தவிடும் வீட்டிலேயே உண்டு. ஆறே மாதத்தில் ஒன்பது கோழி. முட்டை விற்ற சில்லறையை அம்மா உளுந்துப் பானைக்குள் போட்டு வைப்பாள். அவள் ஒரு முட்டை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை.

நோட்டு, பென்சில், காலுக்குச் சப்பாத்து எல்லாம் அந்தப் பானையிலிருந்து வந்தவை. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை.

ஒரு வருஷப் பிறப்புக்கு அம்மா ஆறு முட்டைகளைத் துணியில் கட்டி, டீச்சரிடம் கொடு என்று அனுப்பினாள். எனக்கு மானம் போயிற்று. மற்றப் பையன்கள் பூங்கொத்து கொண்டுவந்தார்கள். நான் மூட்டையை மேசைக்கடியில் ஒளித்து வைத்திருந்தேன். மதாம் கண்டுபிடித்துவிட்டார். அவிழ்த்துப் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பாரீஸில் ஜெர்மன்காரர்கள் இருந்த காலத்தைச் சொன்னார். வயதுக்கு ஏற்ப எழுத்துப் போட்ட பங்கீட்டு அட்டைகள், பதின்மூன்றைத் தாண்டிய பிள்ளைகளுக்கு 'ஜெ 3' அட்டை. அடுக்குமாடியில் குளியல் தொட்டிக்குள் முயல் வளர்த்த குடும்பங்கள், பால்கனியில் கோழி. அவர் பாட்டி வளர்த்த ஒரே கோழியை வண்டுகளுக்காக மாலையில் பூங்காவுக்குக் கயிறு கட்டி அழைத்துப் போவாராம். வகுப்பே சிரித்தது. மதாம் சிரிக்கவில்லை. அந்த நாட்டில் பங்கீடு ஒழிந்தது 1949இல். என் மேசைக்கடியிலிருந்து ஆறு முட்டை வெளியே வந்தபோது அதற்குப் பத்துப் பதினோரு வருடமே ஆகியிருந்தது.

அம்மாவின் சில்லறைப் பானை எங்கள் வீட்டு வழக்கம் மட்டுமல்ல என்பதைப் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். அமெரிக்கப் பண்ணை வீடுகளில் கோதுமையும் மாடும் விற்ற பணம் கணவனுடையது, முட்டைக் காசு மனைவியுடையது என்று ஒரு வழக்கமே இருந்திருக்கிறது. மளிகை, துணி, பிள்ளையின் பள்ளிச் செலவு எல்லாம் அதில்தான். போர்க்காலச் சுவரொட்டி கிழிந்துபோன பிறகும் பல வீடுகளில் கோழி இருந்ததற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

தேவையே இல்லாமல் வளர்த்தவர்களும் உண்டு. 1840களில் விக்டோரியா ராணிக்கு ஆசியாவிலிருந்து பெரிய உடம்புக் கோழிகள் வந்து சேர, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கோழிப் பித்து பிடித்தது. 1849இல் பாஸ்டனில் நடந்த கண்காட்சிக்கு ஆயிரத்துக்கு மேல் பறவைகள், பார்க்கப் பத்தாயிரம் பேர். ஷாங்காயிலிருந்து வந்ததாகச் சொல்லப்பட்ட கோழிக்கு நம் பிரம்மபுத்திரா நதியின் பெயரை வைத்து விற்றார்கள். இன்றும் அந்த இனத்தின் பெயர் பிரம்மா. 1855இல் இந்தப் பித்தைப் பற்றி நக்கலாகப் புத்தகம் போட்ட பர்னம், அந்த வியாபாரத்தில் நன்றாகச் சம்பாதித்தவர்!

இப்போது மறுபடி அமெரிக்கா. பறவைக் காய்ச்சலில் 2022 முதல் பத்துக் கோடிக்கும் அதிகமான பறவைகள் போயின. 2025 மார்ச்சில் ஒரு டஜன் முட்டை சராசரி 6.23 டாலர். வீட்டில் கோழி வளர்க்கலாமே என்ற பேச்சு வேளாண் அமைச்சர் வாயிலிருந்தே வந்தது. ஆனால் குஞ்சு வாங்கினால் முதல் முட்டைக்கு ஐந்தாறு மாதம் ஆகும். அந்த ஆண்டு நடுவிலேயே விலை நன்றாக இறங்கிவிட்டது. முட்டை விலைக்குப் பயந்து கோழி வாங்கியவர் கணக்கில் தோற்றிருப்பார். காய்ச்சலுக்கும் பண்ணை, கொல்லை என்ற பேதம் கிடையாது.

அம்மாவும் ஒரு கோடையில் தோற்றாள். வெள்ளைக் கழிச்சல் வந்து பதினோரு கோழியில் பத்து நான்கு நாளில் செத்தன. அன்றைக்கு எனக்குப் பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய நேரம். அம்மா ஒன்றும் சொல்லாமல் பெரியப்பாவிடம் போய் நின்றாள். அவர் கொடுத்தார். மறுவாரம் பக்கத்து வீட்டில் எட்டு முட்டை கடன் வாங்கி, மிஞ்சிய ஒரே கோழியை அடைக்கு வைத்தாள்.

மகளுக்குக் கோழிகள் வந்துவிட்டன. டிசம்பரில் பேசும்போது, "மூணு வாரமா ஒரு முட்டை இல்லப்பா, ஏமாத்திட்டாங்க" என்றாள். கோழிக்குப் பதினான்கு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், உங்கள் ஊர்க் குளிரில் எட்டு மணி நேரம்தான் பகல், பிப்ரவரி கடைசிவரை பொறு என்றேன். இரவில் கதவைத் தாழ் போட மறக்காதே, அங்கே நரி உண்டு என்றும் சொன்னேன்.