வீட்டுப் பசுமைக்குடில்

மொட்டைமாடியிலோ கொல்லையிலோ செடிகளுக்கான ஒளி, வெப்பம், ஈரப்பதம் மூன்றையும் கட்டுக்குள் வைக்க அமைக்கும் சிறு கூடாரம். குளிர்நாடுகளில் வெப்பத்தைத் தேக்கி வைக்கப் பிறந்த அமைப்பு இது. உதகையின் உறைபனிக்குப் பாலித்தீன் உறை இன்றும் பொருந்தும். சென்னை, மதுரை போன்ற சமவெளி ஊர்களில் நிலைமை நேரெதிர். நான்கு புறமும் பாலித்தீனால் மூடினால் சித்திரை வெயிலில் செடிகள் வெந்துவிடும். அங்கு நிழல்வலையே ஏற்றது. காய்கறி நாற்று, டென்ட்ரோபியம் ஆர்க்கிட் போன்றவற்றுக்கு 50 சதவீத நிழல் தரும் வலை போதும். ஆந்தூரியத்துக்கு 75 சதவீதம் தேவை. வலையைச் செடிகளின் தலையில் உரசும்படி கட்டக் கூடாது. சூடான காற்று மேலேறி வெளியேற இடம் வேண்டும்.

வெப்பம் ஏற ஏறக் காற்றின் ஒப்பு ஈரப்பதம் குறையும். ஆகவே நண்பகலில் தரையில் பரப்பிய ஜல்லியை நனைப்பதுண்டு. நீர் ஆவியாகையில் சூடும் தணியும். வறண்ட உள்மாவட்டங்களில் இது நன்றாகப் பலிக்கும். புழுக்கமான கடற்கரை ஊர்களில் பலன் குறைவு, காற்றோட்டம்தான் கைகொடுக்கும். ஈரமானியைச் செடியின் உயரத்தில், நிழலில் தொங்கவிட வேண்டும். நேர்வெயில் பட்டால் அது பொய் சொல்லும். பொழுது சாய்ந்தபின் இலைமேல் நீர் தெளிப்பது பூஞ்சை நோயை வரவழைக்கும்.