எண்ணும் எழுத்தும் ஒரே நெடுவரிசையில்: தமிழ்க் கணக்குகளைத் தரவாக்குதலின் வரலாற்றுச் சிக்கல்

தமிழ் எண்களிற் பல எழுத்துகளின் உருவையே கொண்டவை. ஒன்றைக் குறிக்கும் ௧ ககரத்தையும், இரண்டைக் குறிக்கும் ௨ உகரத்தையும், ஏழும் எட்டும் முறையே எகர அகரங்களையும் ஒத்துள்ளன. ஏட்டிலும் கல்லிலும் பயின்றோர்க்கு இஃது இடர் தரவில்லை. இடமும் சூழலும் வேறுபாட்டை உணர்த்தின. அக்கணக்குகளைக் கணினி அட்டவணையாக்கும்போது, ஒரு நெடுவரிசையில் எண்ணை நிறுத்தி எழுத்தை நீக்குதல் எளிய துப்புரவுப் பணியாகக் கருதப்படுகிறது. அஃது உண்மையில் வரலாற்று வாசிப்பே என்பதை இக்கட்டுரை மூன்று சான்றுகளால் நிறுவ முற்படுகிறது.

முதலாவது எண்முறை. பழந்தமிழ் எண்முறையில் சுழியம் இல்லை. பத்து, நூறு, ஆயிரம் என்பவற்றுக்கு ௰, ௱, ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன. இருபத்தைந்து என்பது ௨௰௫ என எழுதப்பட்டது. குறிக்குக் குறி மாற்றினால் அது 2105 ஆகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் அச்சிட்ட கணித நூல்கள்வழி இடமதிப்பு முறை பரவியபின் அதே எண் ௨௫ எனவும் எழுதப்பட்டது. மாற்றும் விதி இவ்விரு முறைகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

இரண்டாவது பின்னம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் நில அளவை வேலியின் மிக நுண்ணிய கூறுகள்வரை பதிவு செய்கின்றன. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320 ஆகும். இவற்றுள் மாவும் காணியும் நில அளவின் பெயர்களாகவும் வழங்குவன. அங்கே எண்ணையும் சொல்லையும் பிரிக்கும் கோடே இல்லை. 'கீழ்' என்னும் சொல்லோ தன்னை அடுத்துவரும் அளவை 1/320ஆற் பெருக்குமாறு பணிப்பது. வேலிக் கணக்கில் 'கீழ் அரை' 1/640 ஆகும். 'கீழ்' வெறுஞ்சொல்லென நீக்கப்படின் அஃது அரை வேலியாகி, நிலம் 320 மடங்கு பெருகும். அதன்மேல் எழுப்பப்படும் வரிவருவாய் ஆய்வும் பிழைபடும்.

மூன்றாவது கணக்குக் குறிகள். தமிழ்க் கணக்கு மரபில் பற்று ௶, வரவு ௷, மேற்படி ௸, ரூபாய் ௹ என்பன தனிக்குறிகள் பெற்றன. பர்மா, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தம் பேரேடுகளைத் தமிழிலேயே எழுதினர். 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது கீழ்ப் பர்மாவின் முதன்மை நெல் மாவட்டங்களில் அவர்தம் கைக்கு வந்த நிலம் ஏறத்தாழ 6 விழுக்காட்டிலிருந்து 25 விழுக்காடாக உயர்ந்தது. கடன் கொடுத்தோர் தரப்பில் இதற்குச் சான்றாக நிற்பவை அத்தகைய பேரேடுகள். அவற்றில் தொகையை மட்டும் பிரித்தெடுத்தால் கொடுத்ததும் வாங்கியதும் வேறறியா; மேற்படிக் குறி வெற்றிடமாகிவிடும்.

ஒருங்குறியில் இக்குறிகள் 2003இலும், தமிழ்ச் சுழியம் 2005இலும், பின்னக் குறிகள் 2019இலுமே இடம்பெற்றன. முன்னர்த் தட்டச்சிட்ட தரவுகளில் எண்ணுக்கு மாற்றாக எழுத்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவற்றை மூலத்தோடு ஒப்பிடாமல் திருத்துதல் தகாது.

எனவே, ஆய்வு நூலகங்கள் ஒவ்வொரு பதிவையும் மூன்று நெடுவரிசைகளில் அமைத்தல் நலம்: மூலத்தில் உள்ளவாறே ஒன்று, கணக்கிட்ட மதிப்பு மற்றொன்று, அலகும் குறியும் பிறிதொன்று. இரண்டாவதில் பிழை நேரினும் முதலாவதைக் கொண்டு திருத்தலாம். முதலாவதை அழித்துவிட்டால், பின்வரும் ஆய்வாளர்க்குப் பிழை நேர்ந்ததென்பதே புலப்படாது.