உள்ளங்கை போர்டில் 1968 கம்ப்யூட்டர்: பழைய மெஷினுக்கு மறுபடி உயிர் வருவது எப்படி?

முன்பக்கம் வரிசையாக சுவிட்ச், மினுமினுக்கும் குட்டி விளக்குகள். பார்த்தால் 1968-ல் வந்த பிடிபி-8/ஐ கம்ப்யூட்டர் மாதிரியே இருக்கும். திருப்பிப் பார்த்தால் உள்ளே இருப்பது ராஸ்பெர்ரி பை போர்டு! பழைய மினி கம்ப்யூட்டர்களை இப்படி மீண்டும் உருவாக்குவது பல நாடுகளில் பிரபலமான பொழுதுபோக்கு.

மினி கம்ப்யூட்டர்னா என்ன?

ஒரு அறையையே அடைத்துக்கொண்ட மெயின்ஃபிரேம்களின் காலம் அது. அமெரிக்காவின் டெக் நிறுவனம் 1965-ல் சிறிய, விலை குறைந்த பிடிபி-8-ஐ அறிமுகம் செய்தது. விலை சுமார் 18,000 டாலர். அடிப்படை மெமரி 6 கேபி மட்டுமே. வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட் மார்னிங் படம்கூட அதற்குள் அடங்காது! அடுத்து 1970-ல் வந்த பிடிபி-11-ல்தான் சி மொழி உருவானது.

ரெப்ளிகா எப்படி வேலை செய்யுது?

ஆஸ்கர் வெர்மியூலன் வடிவமைத்த பைடிபி-8 கிட், அசலில் மூன்றில் இரண்டு பங்கு அளவு கொண்டது. சாலிடரிங் தெரிந்தால் வீட்டிலேயே பொருத்தலாம். சிம்எச் என்ற இலவச மென்பொருள், பழைய கம்ப்யூட்டர் செய்த ஒவ்வொரு வேலையையும் அப்படியே நடித்துக் காட்டும். சுவிட்ச் மேலே இருந்தால் 1, கீழே இருந்தால் 0. அப்படித்தான் அன்று புரோகிராமை உள்ளே செலுத்தினார்கள்.

கிட் இல்லையா? பரவாயில்லை. திட்டக்குடியில் இருக்கும் மாணவர்கூட சாதாரண லேப்டாப்பில் சிம்எச்-ஐ இயக்கிப் பார்க்கலாம்.

இந்தியாவிலும் இருந்துச்சா?

இருந்தது. மும்பை டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவான 12 பிட் டிடிசி-12 கம்ப்யூட்டர், 1969 ஜனவரியில் செயல்பாட்டுக்கு வந்தது. தொடக்கி வைத்தவர் விக்ரம் சாராபாய். ஹைதராபாத்தின் இசிஐஎல் நிறுவனம் பிறகு டிடிசி-312, டிடிசி-316 மாடல்களைத் தயாரித்தது.

அப்போ நம்ம மெஷினையும் செய்யலாமா?

பெட்டியும் விளக்கும் செய்வது சுலபம். பிடிபி மறுபடி ஓடுவதற்குக் காரணம் வேறு. அதன் கையேடு, சர்க்யூட் வரைபடம், காகித நாடாவில் இருந்த புரோகிராம் எல்லாவற்றையும் ஆர்வலர்கள் ஸ்கேன் செய்து பாதுகாத்தார்கள். அவை இல்லையென்றால் ரெப்ளிகா வெறும் பொம்மைதான்.

அதனால், அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் துறையில் வேலை பார்த்த தாத்தாவோ அப்பாவோ உங்கள் வீட்டில் இருந்தால், பரணில் கிடக்கும் பழைய கையேடுகளை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.