இரா. வெங்கட்ராமன்

இராமசாமி வெங்கட்ராமன் (டிசம்பர் 4, 1910 – சனவரி 27, 2009) இந்தியாவின் எட்டாவது குடியரசுத் தலைவர் ஆவார். 1987 முதல் 1992 வரை இப்பதவியில் இருந்தார். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்களில் நாட்டுத் தலைவர் ஆனவர்களுள் இவரே முதலாமவர். வழக்கறிஞர், தொழிற்சங்கவாதி, விடுதலைப் போராட்ட வீரர், அமைச்சர் எனப் பல துறைகளில் பணியாற்றியவர். சுருக்கமாக ஆர். வி. என அழைக்கப்பட்டார். ஐந்தாண்டுப் பதவிக் காலத்தில் நான்கு பிரதமர்களுடன் பணியாற்றினார். அவர்களுள் மூவரை நியமித்தவரும் இவரே.

இளமையும் தொழிற்சங்கப் பணியும்

தஞ்சாவூர் மாவட்டம் பட்டுக்கோட்டையை அடுத்த இராஜாமடம் என்னும் ஊரில் பிறந்தார். சென்னையில் பொருளியலில் முதுகலைப் பட்டமும் பின்னர் சட்டப் பட்டமும் பெற்று, 1935இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞராகப் பதிவு செய்து கொண்டார். வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் கலந்து கொண்டமைக்காக 1942இல் கைது செய்யப்பட்டு இரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், சப்பானியருடன் ஒத்துழைத்தனர் என்று மலாயாவில் குற்றஞ்சாட்டப்பட்ட இந்தியர்களுக்காக வாதாட 1946இல் அனுப்பப்பட்ட வழக்கறிஞர் குழுவில் இவரும் இடம்பெற்றார். 1949இல் தொழிலாளர் சட்டங்களுக்கென ஓர் ஆங்கில இதழைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளர், துறைமுகத் தொழிலாளர், பத்திரிகையாளர் ஆகியோரின் சங்கங்களுடனும் தொடர்பு கொண்டிருந்தார். சட்டத்தின் சொற்களை எழுத்தெண்ணிப் படிக்கும் வழக்கம் இக்காலத்தில் ஏற்பட்டதாக இருக்கலாம். பிற்காலத்தில் இவருடைய முடிவுகள் பலவற்றில் அது தெரிகிறது.

சென்னை மாநில அமைச்சர்

1952இல் தஞ்சாவூரிலிருந்து முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1957இலும் வென்றார். எனினும் காமராசர் அழைத்ததால் அப்பதவியைத் துறந்து சென்னை மாநில அமைச்சரவையில் சேர்ந்தார். 1967 வரை தொழில், தொழிலாளர் நலம், கூட்டுறவு, மின்சாரம், போக்குவரத்து முதலிய துறைகள் இவர் பொறுப்பில் இருந்தன. கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள் இக்காலத்தில் உருவானவை. சிறுதொழில் தொடங்குவோர் நிலம், மின் இணைப்பு, சாலை ஆகியவற்றுக்காகத் தனித்தனியே அலையாமல், எல்லாவற்றையும் ஒரே இடத்தில் அரசே அமைத்துத் தருவது தொழிற்பேட்டையின் அடிப்படை. காமராசர் ஆட்சியின் தொழில் வளர்ச்சியைப் பேசுவோர் பலர் இவர் பெயரைக் குறிப்பிடாமலே விட்டுவிடுகின்றனர்.

நடுவண் அரசில்

1980இல் இந்திரா காந்தியின் அமைச்சரவையில் நிதியமைச்சரானார். பன்னாட்டு நாணய நிதியத்திடமிருந்து 1981இல் இந்தியா பெற ஒப்புக்கொண்ட பெருங்கடன் இவர் காலத்தியது. 1982இல் பாதுகாப்பு அமைச்சரானார். ஏவுகணைகளை ஒன்றன்பின் ஒன்றாக உருவாக்கும் திட்டத்துடன் அறிவியலாளர்கள் இவரிடம் வந்தபோது, அனைத்தையும் ஒரே நேரத்தில் உருவாக்குமாறு கேட்டார். இவ்வாறு 1983இல் 388 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் ஒருங்கிணைந்த ஏவுகணைத் திட்டம் தொடங்கியது. அதற்குத் தலைமை தாங்கிய அப்துல் கலாம் 2002இல் குடியரசுத் தலைவரானார். வெங்கட்ராமன் 1984 ஆகத்தில் குடியரசுத் துணைத் தலைவரானார்.

குடியரசுத் தலைவர்

1987 சூலைத் தேர்தலில் உச்ச நீதிமன்ற முன்னாள் நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயரை வென்றார். வெங்கட்ராமனுக்கு 7,40,148 வாக்கு மதிப்பும் கிருஷ்ண ஐயருக்கு 2,81,550 வாக்கு மதிப்பும் கிடைத்தன.

நாட்டுத் தலைவர் என்னும் சொல் எல்லா நாடுகளிலும் ஒரே அதிகாரத்தைக் குறிப்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவின் கானா 1960இல் குடியரசானபோது குவாமே நிக்ரூமா நாட்டுத் தலைவராகவும் அரசுத் தலைவராகவும் விளங்கினார். இந்தியாவில் ஆட்சி பிரதமரிடம் உள்ளது. குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடக்க வேண்டும். ஆனால் எக்கட்சிக்கும் பெரும்பான்மை இல்லாதபோது பிரதமர் யார் என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவரே. இதனை வெங்கட்ராமன் அவசர விளக்குடன் ஒப்பிட்டார். மின்சாரம் நின்றவுடன் அது தானே எரியும். மின்சாரம் திரும்பியதும் அணைந்துவிடும். மின்துறை அமைச்சராக இருந்தவருக்குப் பொருத்தமான உவமை.

இவர் காலத்தில் மின்சாரம் அடிக்கடி நின்றது. 1989 தேர்தலில் எவருக்கும் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தனிப்பெரும் கட்சியான காங்கிரசின் தலைவர் ராஜீவ் காந்தியை முதலில் அழைத்தார். அவர் மறுத்தபின் வி. பி. சிங்கை நியமித்து, 30 நாட்களுக்குள் பெரும்பான்மையை மெய்ப்பிக்குமாறு கூறினார். அப்பதவியேற்பு விழாவில் தேவிலால் "அமைச்சர்" என்று படிக்காமல் "துணைப் பிரதமர்" என்று படிக்க, வெங்கட்ராமன் திருத்தினார்; தேவிலால் மீண்டும் அவ்வாறே படித்தார். 1990 நவம்பரில் அவ்வரசு கவிழ்ந்தபோதும் பெரிய கட்சிகளைக் கேட்டறிந்த பின்னரே, காங்கிரசின் வெளி ஆதரவைப் பெற்ற சந்திரசேகரை நியமித்தார். அவரும் 1991 மார்ச்சு 6 அன்று பதவி விலகினார். எல்லாக் கட்சிகளும் சேர்ந்த தேசிய அரசு ஒன்றை இவர் விரும்பினார், கட்சிகள் விரும்பவில்லை. மக்களவை கலைக்கப்பட்டது. தேர்தலின் இடையே, மே 21 அன்று திருப்பெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். எஞ்சிய வாக்குப்பதிவு சூனில் நடந்தது. சூன் 21 அன்று நரசிம்ம ராவ் பிரதமராக நியமிக்கப்பட்டார்.

தமிழக அரசுக் கலைப்பு

தமிழ்நாட்டில் இவரைப் பற்றிய கருத்து வேறுபாட்டிற்குக் காரணம் 1991 சனவரி 30 அன்று இவர் இட்ட கையொப்பம். சந்திரசேகர் அரசின் அறிவுரையின் பேரில், மு. கருணாநிதி தலைமையிலான திமுக அரசு அன்று கலைக்கப்பட்டது. விடுதலைப் புலிகளின் நடமாட்டத்தால் சட்டம் ஒழுங்கு சீர்குலைந்தது என்பது நடுவண் அரசு கூறிய காரணம். ஆனால் ஆளுநர் சுர்சித் சிங் பர்னாலா அத்தகைய அறிக்கை எதனையும் அனுப்பவில்லை. அரசியலமைப்பின் 356ஆவது பிரிவு, ஆளுநரின் அறிக்கை மூலமோ "வேறு வகையிலோ" குடியரசுத் தலைவர் மனநிறைவு அடையலாம் என்கிறது. அவ்விரு சொற்களின் மீதே இக்கலைப்பு நின்றது. பீகாருக்கு மாற்றப்பட்ட பர்னாலா பதவி விலகினார்.

அமைச்சரவையின் அறிவுரைக்கு 74ஆவது பிரிவு குடியரசுத் தலைவரைக் கட்டுப்படுத்துவதால் வேறு வழியில்லை என்பர் ஆதரிப்போர். எனினும் 1978இன் 44ஆவது திருத்தத்திற்குப் பின், மறுபரிசீலனைக்காக ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமை அவருக்கு உண்டு. வெங்கட்ராமன் அதனைப் பயன்படுத்தவில்லை. பிற்காலத்தில் கே. ஆர். நாராயணன் 1997இல் உத்தரப் பிரதேசம் தொடர்பாகவும் 1998இல் பீகார் தொடர்பாகவும் அவ்வுரிமையைப் பயன்படுத்தினார். ஒவ்வொரு சொல்லையும் ஆராய்ந்து நடந்தவர், ஆளுநரின் மௌனத்தை ஆராய ஒருநாள் கூடக் காத்திருக்கவில்லை என்னும் குறை நியாயமானதே.

இதே ஆண்டில் மற்றொன்றில் இவர் உறுதியாக நின்றார். நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஓய்வூதியச் சட்ட முன்வடிவு, குடியரசுத் தலைவரின் முன் பரிந்துரை பெறாமலேயே நிறைவேற்றப்பட்டிருந்தது. அதற்கு ஒப்புதல் தர மறுத்தார்.

பிற்காலம்

1992 சூலை 25 அன்று சங்கர் தயாள் சர்மா இவருக்குப்பின் பதவியேற்றார். இவருடைய குடியரசுத் தலைவர் காலத்து நினைவுகள் 1994இல் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தன. காமராசரின் சோவியத் பயணம் பற்றி எழுதிய நூலுக்காகச் சோவியத் நாட்டுப் பரிசு பெற்றவர். காஞ்சி சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகளிடம் மிகுந்த ஈடுபாடு கொண்டிருந்தார். 2009 சனவரி 27 அன்று தில்லி இராணுவ மருத்துவமனையில் தமது 98ஆவது வயதில் காலமானார். குடியரசு நாள் விழாக்களின் நிறைவாக சனவரி 29 அன்று நடைபெற வேண்டிய பாசறை திரும்பும் நிகழ்ச்சி அவ்வாண்டு கைவிடப்பட்டது.