புஷ்புஷ் முதல் செலேரியோ வரை

புதுச்சேரியின் தட்டாஞ்சாவடி என்ற பெயரிலேயே வழிப்போக்கர் இளைப்பாறும் சாவடி இருக்கிறது. அங்கே இன்று வயதான பெற்றோருக்குப் பெட்ரோல் கார் தேடுபவர் முதலில் என்ஜினைத்தான் விசாரிப்பார். ஆனால் எதை முதலில் பார்க்கவேண்டும் என்பதற்கு அவ்வூரின் வண்டி வரலாறு வேறு இடத்தைக் காட்டுகிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துப் புஷ்புஷ் வண்டியை ஓர் ஆள் பின்னாலிருந்து தள்ளுவார். அமர்ந்திருப்பவர் முன்னிருக்கும் கம்பியைப் பிடித்துத் திசை திருப்புவார். பழுதாகப் பெரிதாய் எதுவும் கிடையாது. (தள்ளியவரின் முதுகை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.)

பின்னர் அம்பாசடர் கார் காலத்தில் நம்பகம் என்றால் எந்த ஊர்ப் பட்டறையிலும் சரிசெய்யலாம் என்று பொருள். 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, பட்டறைக்கே அதிகம் போகவேண்டாம் என்று அந்தப் பொருளை மாற்றியது. ஆனால் அதன் தாழ்ந்த இருக்கை மூட்டுவலிக்காரருக்குத் தண்டனை. இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998இல் வந்த சான்ட்ரோவும், அடுத்த ஆண்டு வந்த வேகன் ஆரும் கூரையையும் இருக்கையையும் உயர்த்தின. முதியவருக்கு நம்பகம் என்பது உடலோடும் சேர்ந்தது என்று சந்தை ஒப்புக்கொண்டது அப்போதுதான். அம்பாசடரிலும் தாராளமாக உட்காரலாமே என்பார்கள். உட்காரலாம், ஆனால் அந்த ஸ்டியரிங்கை எழுபது வயதில் திருப்புவது வேறு. 2014இல் வந்த செலேரியோ, குறைந்த விலையிலேயே கிளட்ச் மிதியை நீக்கியது. தானியங்கி கியரைத் தெருமுனை மெக்கானிக் தொடத் தயங்குவார் என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் கியர் எப்போதோ பழுதாகும், நெரிசலில் முழங்கால் தினமும் நோகும்.