களவுபோன பத்திரமும் வினவும் கடமையும்

1756ஆம் ஆண்டு டிசெம்பர் 11ஆம் நாள் இரவு இங்கிலாந்தில் அஞ்சல் வண்டியொன்று கொள்ளையிடப்பட்டது. பறிபோனவற்றுள் 21 பவுண் 10 சிலிங் பெறுமதியான இங்கிலாந்து வங்கித்தாள் ஒன்றும் இருந்தது. அனுப்பியவர் வங்கிக்கு அறிவித்துக் கொடுப்பனவை நிறுத்துவித்தார். ஆயின் மறுநாளே அத்தாள் விடுதிக்காரர் ஒருவரிடம், முழுப் பெறுமதிக்கும், வழமையான வியாபாரத்தில் வந்து சேர்ந்திருந்தது. மில்லர் எதிர் ரேஸ் எனப்படும் அவ்வழக்கில், 1758இல், மான்ஸ்பீல்ட் பிரபு விடுதிக்காரருக்கே தீர்ப்பளித்தார். காசைப் போலக் கைமாறும் தாள் காசாகவே கொள்ளப்படல் வேண்டும் என்பது அவர் கருத்து.

இத்தீர்ப்பு வாணிகத்துக்கு உகந்தது. பொருளை இழந்தவனுக்கோ பத்திரிகையில் விளம்பரஞ் செய்வதன்றி வேறு வழி பெரிதும் எஞ்சவில்லை. அவ்வாறாயின், வாங்குபவன் ஒரு வார்த்தையேனும் கேட்டறியக் கடமைப்பட்டவன் அல்லனா? 1824இல் கில் எதிர் கியூபிற் வழக்கில் இவ்வினா எழுந்தது. பேர்மிங்காமிலிருந்து சென்ற வண்டியிற் களவாடப்பட்ட மாற்றுண்டியலை, முகம் மட்டுமே அறிந்த, பெயரறியாத ஒருவரிடமிருந்து இலண்டன் தரகர் யாதும் வினவாது வாங்கியிருந்தார். விவேகமுள்ளவன் ஐயுற்றிருப்பான் எனக் கொண்டு அவரது உரிமை மறுக்கப்பட்டது. பன்னிரண்டே ஆண்டுகளில், குட்மன் எதிர் ஹார்வி வழக்கில், நீதிமன்றம் அந்நிலையைக் கைவிட்டது. பாரதூரமான கவனயீனங்கூடத் தன்னளவில் தீய எண்ணமாகாது எனப்பட்டது. 1882ஆம் ஆண்டின் ஆங்கிலச் சட்டம் இதனையே ஏற்றது. அதனைப் பின்பற்றிய 1927ஆம் ஆண்டின் இலங்கை மாற்றுண்டியல் கட்டளைச் சட்டமும் அவ்வாறே. வினவாதிருத்தல் இவ்வாறு சட்டத்தின் நிழலைப் பெற்றது. அது கள்வனுக்கும் நிழலாயிற்று என்பதை மறுத்தல் அரிது.

இதன் விளைவு 1960களின் இறுதியில் நியூயோர்க்கிலே மிகத் தெளிவாகப் புலப்பட்டது. பங்குப் பத்திரங்கள் தூதுவர் கைகளிலே அலுவலகத்துக்கு அலுவலகம் சுமந்து செல்லப்பட்ட காலம் அது. வியாபாரம் பெருகவே கணக்குகள் தேங்கின; 1968இல் அவற்றைத் தீர்ப்பதற்காகப் பங்குச் சந்தை புதன்கிழமைகளில் மூடப்பட்டது. அக்குழப்பத்திற் பத்திரங்கள் காணாமற் போயின. திருட்டுப் பத்திரங்கள் வங்கிகளிற் கடனுக்கு ஈடாக வைக்கப்பட்டமை 1971இல் செனற்றர் மக்கிளெலன் தலைமையிலான உபகுழுவின் முன் வெளியாயிற்று.

நீதிபதிகள் விதிக்கத் தயங்கிய கடமையை ஈற்றில் நிருவாக விதியே விதித்தது. 1975ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின் வழி, பிணையங்கள் பரிவர்த்தனை ஆணைக்குழு 1977இல் ஒரு மையப் பதிவேட்டை இயங்கச் செய்தது. வங்கியோ தரகு நிறுவனமோ களவைக் கண்டறிந்தால் ஒரு வேலை நாளுக்குள் அதனை அறிவித்தல் வேண்டும். தன் கைக்கு வரும் பத்திரத்தின் இலக்கத்தைக் கொடுத்து, அது களவுபோனதா, தொலைந்ததா, போலியா என வினவுதலும் வேண்டும். வெளியிட்ட கம்பனியிடமிருந்து நேரே பெற்றதற்கு வினவவேண்டியதில்லை. 10,000 டொலருக்கு மேற்படாத நடவடிக்கைகளுக்கும் விலக்குண்டு. சிறு முதலீட்டாளனின் இழப்பு இவ்விலக்கினூடே நழுவக்கூடும் என்பது இவ்விதியின் குறையெனலாம்.

இலக்கங்களை விரைந்து பரப்புவதன் பயனை 1990 மே 2ஆம் நாள் இலண்டன் கண்டது. தெருவிலே தூதுவர் ஒருவரிடமிருந்து கத்திமுனையிற் பறிக்கப்பட்ட ஆவணங்களின் பெறுமதி 292 மில்லியன் பவுண். இங்கிலாந்து வங்கி உடனே நிதி நிறுவனங்களை எச்சரித்தது. 301 ஆவணங்களுள் இரண்டைத் தவிர ஏனையவை மீட்கப்பட்டன.